கடுஞ்சொல் கூடாது என்றார்கள்

எர்மின் கொர்பா அம்மையார் இறந்த செய்தியை எங்கள் ஊர்ப் பத்திரிகை நான்கே வரியில் முடித்துவிட்டது. 'சர்வதேச அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். உடல்நலக் குறைவால் முன்கூட்டியே ஓய்வு பெற்றவர். அமைதியான சுபாவம் கொண்டவர்.' படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடல்நலக் குறைவாம்! ஒன்பது வருடம் அவருக்குக் கதவு திறந்துவிட்டவன் நான். அவர் ஒரு தும்மல் தும்மி நான் கேட்டதில்லை. அமைதியான சுபாவமாம்! ஊரை ஒட்டிய காரூஷ் சந்தையில் அழுகின முள்ளங்கியை அவர் தலையில் கட்டப் பார்த்த கடைக்காரன் என்ன பாடு பட்டான் என்று அந்தப் பத்திரிகைக்காரன் போய் விசாரித்திருக்கலாம்.

ஆகவே நானே எழுதுகிறேன். என் பெயர் ஓகுஸ்த் பிலே. ஜெனீவாவில் பிறந்து ஜெனீவாவிலேயே கிழவன் ஆனவன், ஏரிக்கரை மாளிகையில் வாசல் பணியாளாக இருந்து ஓய்வு பெற்றவன். என் அப்பாவும் வாசல் பணியாள்தான், நகரமன்றத்தில். இரண்டு பெரிய நாடுகள் ஒரு கப்பல் தகராறைப் பீரங்கி இல்லாமல் பேசித் தீர்த்துக்கொண்டபோது அந்த அறைக்கு மைக்கூடு கொண்டுபோய் வைத்தவர். சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். "இனிமே சண்டையே வராதுடா. ஒரு அறை, ஒரு மேசை, கொஞ்சம் மை இருந்தாப் போதும்" என்பார். அவர் போன பிறகு நான்கு வருடப் போர் வந்து ஒரு கோடிப் பேரைத் தின்றுவிட்டுப் போனது.

போர் முடிந்ததும் நாடுகள் கூடி ஒரு சபை வைத்தன. அதற்கு எங்கள் ஊரில் ஏரியைப் பார்த்த ஒரு பழைய ஹோட்டலை வாங்கினார்கள். படுக்கையறைகள் எல்லாம் அலுவலகம் ஆயின. அறைக்கு அறை குளியல் தொட்டி இருந்தது. பெயர்த்தெடுப்பது பெரிய வேலை என்று, முடிந்துபோன கோப்புகளை அந்தத் தொட்டிகளுக்குள்ளேயே அடுக்கிவிட்டார்கள்.

எர்மினின் அம்மா ஒரு பணக்காரக் குடும்பத்தின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஹங்கேரியிலிருந்து வந்தவர். இங்கே டிராம் ஓட்டுநர் ஒருவரைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். வீட்டில் கொஞ்சல் பிரெஞ்சில், திட்டு ஹங்கேரி மொழியில் என்று எர்மின் சொல்வார். அதனால் திட்டுச் சொற்கள் அவருக்கு அத்துப்படி. போர்க்காலத்தில் காணாமல்போன கைதிகளைத் தேடும் அலுவலகத்தில் அட்டை எழுதினார். போர் முடிந்த வருடம் பரவிய விஷக் காய்ச்சலில் கணவர் போய்விட்டார். முப்பத்திரண்டு வயதில், கறுப்பு உடையோடு, எங்கள் மாளிகையின் மூன்றாம் மாடிக்கு மொழிபெயர்ப்பாளராக வந்து சேர்ந்தார்.

அந்த மாடிக்குத்தான் மனுக்கள் வரும். போருக்குப் பிறகு வரைபடத்தைக் கத்தரித்து ஒட்டியதில் லட்சக்கணக்கானவர்கள் படுத்தது ஒரு நாட்டில், எழுந்தது வேறு நாட்டில். அவர்களுடைய மொழியை, பள்ளிக்கூடத்தை, கோயிலைப் புதிய அரசு தொடாது என்று ஒப்பந்தம். தொட்டால் சபைக்கு மனு எழுதலாம். ஒரு சாதாரண விவசாயி தன் அரசின் மேலேயே நாடுகளின் சபையில் புகார் சொல்லலாம் என்று எல்லோரும் மார் தட்டிக்கொண்டார்கள். ஆனால் ஒப்பந்தம் சின்ன நாடுகளுக்கு மட்டும். பெரியவர்கள் தங்கள் வீட்டுக்கு அது வேண்டாம் என்றுவிட்டார்கள். கடல் தாண்டி அவர்கள் ஆண்ட கோடிக்கணக்கானவர்களுக்கு அந்த மாடிக்கு மனுப் போட வழியே கிடையாது. தலைப்பாகையும் வைரமுமாக மகாராஜாக்கள் வந்து சபையில் உட்காருவார்கள். இவரை அனுப்பியது அந்த நாட்டு ஜனங்களா, அவர்களை ஆள்பவனா என்று வாசல் பணியாள் கேட்கக் கூடாது. நானும் கேட்கவில்லை.

மனுவுக்குச் சில விதிகள் இருந்தன. அதில் ஒன்றை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கடுஞ்சொல் கூடாது. மனுவின் மொழி வன்மையாக இருந்தால் அது 'ஏற்கத் தகாதது'. சொன்னது உண்மையா பொய்யா என்று அதற்கு மேல் யாரும் பார்க்க மாட்டார்கள். அடிபட்டவன் அலறாமல் சொல்ல வேண்டும், மரியாதையாகச் சொல்ல வேண்டும், அதுவும் அடித்தவன் மனம் நோகாமல் சொல்ல வேண்டும்.

எர்மின் சேர்ந்த மறு வருடம் ஒரு விதவையின் மனு வந்தது. கணவனைச் சுட்டவர்களைக் 'கொலைகாரர்கள்' என்று எழுதியிருந்தாள். கால் மணி நேரத்தில் முத்திரை குத்தியாகிவிட்டது. அந்த முத்திரையைப் பார்த்த எர்மின் நேராகத் துறைத் தலைவர் ஆன்சியோவின் அறைக்குள் போனார். ஆன்சியோ பெல்ஜியம்காரர், விரலில் துளி தூசி பட்டாலும் கை கழுவுகிற ஆள். நான் தபால் தட்டோடு வாசலில் நின்றிருந்தேன்.

"புருஷனைச் சுட்டவனை வேற என்னன்னு எழுதுவா, முசியே?"

"சம்பந்தப்பட்ட அதிகாரின்னு எழுதியிருக்கலாமே, மதாம். நாம என்ன அவங்க வாயையா அடைக்கிறோம்? கொஞ்சம் மரியாதையாப் பேசச் சொல்றோம்."

அந்த விதவையின் மனு குளியல் தொட்டிக்குப் போனது. எர்மின் மதியம் சாப்பிடாமல் ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்தார். அன்றிலிருந்துதான் அவர் அந்தக் காரியத்தை ஆரம்பித்தார்.

மூல மனுவை யார் படிக்கப்போகிறார்கள்? ஹங்கேரி மொழி தெரிந்தவர் மாடியில் அவர் ஒருவர்தான். சபையில் சுற்றுக்குப் போவதும், குற்றம் சாட்டப்பட்ட அரசுக்குப் போவதும் அவர் செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. ஆகவே மொழிபெயர்க்கும்போதே பல்லைப் பிடுங்கிவிடுவார். கொலைகாரன் அதிகாரி ஆவான். கொள்ளை, 'சொத்து மாற்றம்' ஆகும். இதற்கென்று ஒரு சின்ன நோட்டே வைத்திருந்தார், ஒரு பக்கம் ஜனங்களின் சொல், எதிர்ப்பக்கம் சபை ஜீரணிக்கும் சொல்.

"என்ன மதாம், இன்னைக்கு எத்தனை கொலைகாரங்க அதிகாரி ஆனாங்க?" என்று காலையில் கேலி செய்வேன்.

"மூணு பேர், பிலே. ஒருத்தனுக்குப் பதவி உயர்வே குடுத்துட்டேன்."

சிரிப்போம். சிரித்தோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் மாற்றிய மனு ஒன்றுகூட வாசலில் திரும்பவில்லை. ஒரு மலைக் கிராமத்துக்கு மூடிய பள்ளிக்கூடம் திறந்து கிடைத்தது. ஒரு கோயிலுக்கு அதன் தோட்டம் திரும்ப வந்தது. அன்றைக்கெல்லாம் எல்லோருக்கும் பாதாம் கேக் வாங்கி வருவார். தான் செய்வது திருட்டு வேலை என்று அவருக்குத் தெரியும். நல்ல திருட்டு என்று நம்பினார், நானும் நம்பினேன்.

1929 மார்ச்சில் ஹார்ஷ் என்கிற கிராமத்திலிருந்து ஒரு மனு வந்தது. எந்த நாட்டுக் கிராமம் என்று சொல்ல மாட்டேன். ஒன்றைச் சொன்னால் மற்றவை தப்பித்துக்கொள்ளும். எழுதியவன் சில்வெஸ்தர் காதாஷ், தச்சன். அவன் அண்ணன் இம்ரே ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வாத்தியார். பள்ளிக் கட்டடத்தை ஊரார் அரசுக்கு விரும்பிக் கொடுத்ததாக ஒரு தாளில் இம்ரேயைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மறுத்தார். காவல் நிலையத்தில் மூன்று நாள் கட்டிவைத்து உள்ளங்காலில் தடியால் அடித்து, பள்ளிக்குத் தீ வைக்கத் திட்டம் போட்டதாக ஒப்புதல் வாங்கிக்கொண்டார்கள். வழக்கு வரப்போகிறது. 'எங்கள் அண்ணனைக் காப்பாற்றுங்கள். இவர்கள் மனிதர்கள் இல்லை, நாய்கள்' என்று முடித்திருந்தான்.

எர்மின் இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு திண்டாடினார். தடியையும் உள்ளங்காலையும் அப்படியே எழுதினால் கடுஞ்சொல் என்று ஆன்சியோ தூக்கிப் போடுவார், இம்ரேக்குக் கிடைக்கக்கூடிய ஒரே வாசலும் மூடிவிடும். கடைசியில் இப்படி எழுதினார்: 'விசாரணையின்போது இம்ரே காதாஷ் சில சிரமங்களுக்கு உள்ளானதாகத் தெரிகிறது.' உள்ளே போய்விட்டால் மூன்று நாட்டுப் பிரதிநிதிகளின் குழு என்ன சிரமம் என்று கேட்கும், உண்மை தானாக வெளியே வரும் என்று நினைத்தார். ஒன்பது வருடம் அந்த மாடியில் இருந்தவர் அப்படி நினைத்தார். அது அந்த மாடிக்காரர்களுக்கே உரிய பைத்தியக்காரத்தனம்.

மனு ஏற்கப்பட்டது. அரசிடம் பதில் கேட்டார்கள். எல்லா விசாரணையிலும் சிறு சிரமங்கள் இருக்கும் என்று அரசு பணிவாகப் பதில் எழுதியது. மூவர் குழு ஒரு மதியம் அதைப் படித்துத் திருப்தி அடைந்தது. கோப்பு தொட்டிக்குப் போனது. மனு போட்டவனுக்கு முடிவைச் சொல்லும் வழக்கமே அங்கே இல்லை.

அக்டோபரில் ஒரு நாள், புதன்கிழமை காலை, வாசலில் ஒருவன் வந்து நின்றான். தடித்த கம்பளிக் கோட்டு, கையில் துணி மூட்டை. ராணுவத்தில் கற்ற ஜெர்மன் பேசினான். எனக்கும் அதே அளவு வரும்.

"நான் காதாஷ். மனு எழுதினவன். உள்ள போகணும்."

"மனு உள்ள போகலாம் தம்பி. மனு எழுதினவங்க போகக் கூடாது."

"என்னய்யா நியாயம் இது?"

எனக்கு என்ன தெரியும்? விதி. நான் மாடிக்குப் போய் எர்மினிடம் சொன்னேன். அவர் பின்தெருவில் இருந்த காப்பிக் கடைக்கு அவனை அழைத்துப் போகச் சொல்லிவிட்டு ஐந்து நிமிடத்தில் வந்தார். காதாஷ் காப்பி வேண்டாம் என்றுவிட்டான். மூட்டையைப் பிரித்துத் தான் கொண்டுவந்த ரொட்டியையும் உப்புப் பன்றிக்கொழுப்பையும் மடக்குக் கத்தியால் அறுத்தான். எங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு நீட்டினான். பிறகு கோட்டுக்குள்ளிருந்து ஒரு செய்தித்தாளை எடுத்து, எனக்கும் புரியும்படி ஜெர்மனிலேயே பேசினான்.

"இதுல என் பேரு இருக்கும்மா. என் வார்த்தை ஒண்ணுகூட இல்ல. எங்க அண்ணனை அடிச்சதா நானே சொல்லலையாம். சிரமமாம். எங்க அரசாங்கம் கொட்டை எழுத்துல போட்டிருக்கு. ஜட்ஜு இதைத்தான் கோர்ட்டுல படிச்சாரு. கூடப் பொறந்தவனே அடின்னு சொல்லல, அப்ப ஒப்புதல் செல்லும்னுட்டாரு. எட்டு வருஷம்." அவன் கத்தியை மடக்கினான். "அண்ணன் கூண்டுல இருந்து திரும்பிப் பாத்தாரு. 'நீயாடா சில்வெஸ்தர்?'னு கேட்டாரு. ஊருல எவனும் என்கூடப் பேசறதில்ல. அண்ணி என் வாசல்ல துப்பிட்டுப் போறாங்க."

"நீங்க எழுதல. நான்தான் மாத்தினேன்" என்றார் எர்மின்.

அவன் அவர் பக்கம் திரும்பினான். அடிக்கப்போகிறான் என்று நினைத்து நான் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஏம்மா?"

"உள்ள விடமாட்டாங்கன்னு."

"நாய்னு எழுதினேனே, அது தப்புதான். கோவத்துல எழுதிட்டேன். அதை மட்டும் எடுத்திருக்கலாமே. அடிச்சதை ஏம்மா எடுத்தீங்க?"

டிசம்பரில் மேல்முறையீடு என்றான் காதாஷ். "உங்க கையால ஒரு காகிதம் குடுங்க. நான் எழுதினது இது, மாத்தினது நீங்கன்னு. அது போதும், எங்க அண்ணனை வெளிய கொண்டுவந்துடுவேன்."

மதியம் எர்மின் ஆன்சியோவிடம் போனார். கதவைச் சாத்தவில்லை, எனக்கு எல்லாம் கேட்டது. ஆன்சியோ கத்தவில்லை. அந்த ஆள் கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"அந்த மனுஷர் வழக்குல ஒரு தரப்பே இல்ல, மதாம். தகவல் குடுத்தவர், அவ்வளவுதான். அவருக்கு நாம காகிதம் எதுவும் குடுக்கறதில்ல."

"அவர் அண்ணன் ஜெயில்ல இருக்கார், நான் எழுதின ஒரு வரியால."

"நீங்க கையெழுத்துப் போட்டா மத்த மனு எல்லாம் என்ன ஆகும்? அந்த மலைக் கிராமத்துப் பள்ளிக்கூடம்? மொழிபெயர்ப்பே மோசடின்னு சொல்லி அந்த அரசாங்கம் நாளைக்கே பூட்டிடும். நூறு பேர் பிழைப்பு ஒரு ஆளுக்காகவா?"

"நூறு பேரைக் காட்டி ஒருத்தரை உள்ள வைக்கிறதுக்கா இந்தச் சபை?"

"இது கடுமையான மொழி, மதாம்" என்றார் ஆன்சியோ.

எர்மின் வெளியே வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஆன்சியோ சொன்னது பொய் இல்லை என்பதுதான் அவரை வதைத்தது. மறுநாள் வியாழக்கிழமை காலை என்னிடம் வந்து, "நோட்டரிகிட்ட போறேன். ஒரு சாட்சி வேணும். வர்றீங்களா, பிலே?" என்றார்.

போனேன். காதாஷின் மூல மனுவை ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் எழுதி, தடியும் உள்ளங்காலும் நாயும் எல்லாம் இருக்க, கீழே எழுதினார்: 'மாற்றியது நான், இந்தச் சபையின் மொழிபெயர்ப்பாளர் எர்மின் கொர்பா. மனுதாரருக்கு இதில் பங்கில்லை.' நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். காதாஷ் அந்தக் காகிதத்தைக் கோட்டின் உள்புறத்தில் வைத்துத் தைத்துக்கொண்டான். ரயில் ஏறுவதற்கு முன் எர்மினின் கையைப் பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். அன்றைக்கு நான் என்னைப் பெரிய மனிதன் என்றே நினைத்துக்கொண்டேன்.

மாலை நான்கு மணிக்கு ஆன்சியோ என்னைக் கூப்பிட்டார். நாங்கள் நோட்டரியிடம் போனது அதற்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது. எர்மினை வேலையிலிருந்து நீக்கும் கடிதம் மேசையில் இருந்தது. பக்கத்தில் உள் தபால் பதிவேடு, முந்தைய நாளின் பக்கம் திறந்திருந்தது.

"பிலே, இந்தக் கடிதத்தை நேத்தே மதாம் கொர்பா கையில குடுத்துட்டீங்க. மறந்துபோய்ப் பதியாம விட்டுட்டீங்க. வயசாகுது, மறதி சகஜம்."

"நேத்து ஏதுங்க கடிதம்?"

"ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தானே உங்களுக்கு?"

பேனாவை அவரே மையில் தோய்த்துக் கொடுத்தார். நான் வாங்கினேன். போட்டேன். காலையில் உண்மைக்குப் போட்ட அதே கையெழுத்து, அதே சுழி. ஐந்து மணிக்குக் கடிதத்தைக் கொண்டுபோய் எர்மினிடம் கொடுத்தேன். அவர் தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேசையைக் காலி செய்ய ஆரம்பித்தார்.

டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் காகிதத்தை ஒதுக்கித் தள்ளியது. கையெழுத்திட்ட நாளில் அந்தப் பெண் சபையின் ஊழியரே இல்லை, முந்தைய நாளே நீக்கப்பட்டவர், கோபத்தில் எழுதித் தந்திருக்கிறார் என்று தீர்ப்பு. ஆதாரமாகப் பதிவேட்டின் நகல், அதன் கீழே என் கையெழுத்து. எட்டு வருடம் எட்டு வருடமாகவே நின்றது.

எர்மின் அதன் பிறகு காரூஷில் வீட்டுக்கு வீடு போய் ஜெர்மன் பாடம் சொல்லிக் கொடுத்தார். மாதம் ஒரு கடிதம் சபைக்கு எழுதுவார், இம்ரேயின் பெயரைப் போட்டு, அடி என்ற சொல்லைப் போட்டு. எல்லாம் அதே முத்திரையோடு திரும்பி வரும். ஞாயிறு சந்தையில் என்னைப் பார்த்தால் முகம் திருப்ப மாட்டார். அதுதான் எனக்குத் தாங்காது. ஒரு நாள் நானே வாய்விட்டுச் சொன்னேன், தேதியை மாற்றியவன் நான் என்று.

"தெரியும். பயந்துட்டீங்க" என்றார். "நானும் பயந்துதான் அந்த வரியை மாத்தினேன். அழாதீங்க. நடந்ததை ஒரு காகிதத்துல எழுதி நோட்டரிகிட்ட குடுங்க. அதை வச்சு மறுபடி வழக்குப் போடலாம்."

"ஓய்வூதியம் கைக்கு வரட்டும், மதாம். வந்த அன்னைக்கே எழுதித் தர்றேன்."

1931 ஏப்ரலில் ஓய்வூதியம் வந்தது. சம்சாரத்துக்கு மூட்டு வலி என்றேன். பிறகு மகள் கல்யாணம் என்றேன். அவர் ஒவ்வொரு ஞாயிறும் காய்கறிக் கூடையோடு நின்று, "எழுதிட்டீங்களா, பிலே?" என்று கேட்பார். 1932 ஜனவரியில் ஒரு ஞாயிறு அவர் கேட்கவில்லை. காதாஷிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அண்ணன் சிறையில் நுரையீரல் காய்ச்சலில் இறந்துவிட்டார். கடைசிவரை தம்பியைப் பார்க்க மறுத்துவிட்டார்.

எர்மின் அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அம்மாவிடம் கற்ற அத்தனை சொற்களும் அவரிடம் இருந்தன, எனக்குப் பொருந்தியிருக்கும், ஒன்றையும் எடுக்கவில்லை. ஆன்சியோ பதக்கங்களோடு ஓய்வு பெற்று, நாடுகளின் சட்டம் எப்படி வளர்ந்தது என்று கல்லூரிகளில் பேசிக்கொண்டிருக்கிறாராம். பேசட்டும். அந்தச் சட்டம் எங்கே நின்றுபோனது என்று எனக்குத் தெரியும், அந்த இடத்தில் பேனாவோடு இருந்தவன் நான்.

இன்று காலை நோட்டரியிடம் போய்விட்டு வந்தேன். ஒரு பிரதி ஹார்ஷ் கிராமத்துக்கு, இம்ரே காதாஷின் மனைவி பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான். உங்கள் கணவரை அடித்தார்கள் என்று அவருடைய தம்பி எழுதினான், மறைக்கவில்லை. வேலைநீக்கக் கடிதத்தை எர்மின் கொர்பாவின் கையில் நான் கொடுத்தது 1929 அக்டோபர் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு. புதன்கிழமை என்று நான் போட்ட கையெழுத்து பொய்.